இட்லிப் பெட்டிக்கு ஒரு சேஃப்டி வால்வு

1946ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். மழை இன்னும் பிடிக்கவில்லை. தாராவிப் பக்கம் வானம் கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று கொஞ்சமும் இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்த நேரத்தில்தான் எங்கள் ஆலைக் காண்டீனில் நீராவி இட்லிப் பெட்டியின் மூடியை முதன்முதலாகத் திறந்தார்கள். ஒரே ஈட்டில் நூற்று நாற்பத்து நான்கு இட்லி. நான் தட்டு தட்டாக எண்ணினேன். அதில் ஒன்றாவது வேகாமல் இருந்திருக்கலாம். இல்லை. எல்லாம் வெந்திருந்தன. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் இட்லி இறங்கவில்லை.

அந்தப் பெட்டியைச் செய்தவர் ஆலையில் இயந்திரப் படம் வரையும் எங்கள் டிராஃப்ட்ஸ்மன். என்னைப் போலவே பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், என்னைப் போலவே இன்டர்மீடியட் படிப்பு, என்னோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர். மாதுங்காவில் ஒரே கட்டடத்தில் நான் மாடி, அவர் கீழ். வித்தியாசம் இவ்வளவுதான்: அவர் தாமதமாக வந்தால் மேனேஜர் துரை கடிகாரத்தைப் பார்க்க மாட்டார், நான் வந்தால் பார்ப்பார். அவருக்குச் சீட்டியடிக்க வரும். துரை சிகரெட் டப்பாவைத் திறந்தால் முதலில் அவர் பக்கம்தான் நீட்டுவார். நான் புகை பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம், நீட்டியிருக்கலாம்.

தீபாவளிக்குள் ஒரு உதவி இன்ஜினியரை நியமிக்கப் போவதாகத் துரை சொல்லியிருந்தார். வெளியாள் இல்லை, எங்கள் இருவரில் ஒருவர். பதவியோடு செம்பூரில் கம்பெனி கட்டிய வீடு: இரண்டு அறை, தனிச் சமையலறை, தனிக் குழாய். நான் அப்போது ஒற்றை அறையில் மனைவி, இரண்டு குழந்தைகள், வேலை தேடி வந்து ஒன்றரை வருஷமாகத் தேடிக்கொண்டேயிருந்த மச்சினன், இவர்களோடு இருந்தேன். எங்கள் மாடியில் ஒன்பது குடித்தனத்துக்கு ஒரு குழாய். அந்தச் செம்பூர்க் குழாயை நான் கனவில் திறந்து பார்த்ததுண்டு.

ஆலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாராவிக்கும் மாதுங்காவுக்கும் நடுவே, துணியை வெளுத்துச் சாயம் போடும் ஆலை. துணியை வேகவைக்க ஆறு பெரிய மூடிய இரும்புக் கலங்கள். பாய்லரில் நூறு பவுண்டு அழுத்தத்தில் நீராவி எழும்பும். அதை முப்பது பவுண்டாகக் குறைத்துக் கலங்களுக்கு அனுப்புவார்கள். தொழிலாளிகளில் பாதிப் பேர் தாராவியில் குடியிருந்த திருநெல்வேலிக்காரர்கள், ஆபீசில் பாதிப் பேர் மாதுங்காக்காரர்கள். அது ரேஷன் காலம். துரை எப்படியோ அதிகாரிகளிடம் பேசிக் காண்டீனுக்கென்று தனியாக அரிசி வாங்கிவிட்டார். ரேஷன் கார்டில் வெட்டு விழாமல் ஆளுக்கு இரண்டு இட்லி என்றால் அதன் மதிப்பு அன்றைக்கு இருந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் விறகு கிடைக்கவில்லை. அப்போதுதான் டிராஃப்ட்ஸ்மன், கலங்களுக்குப் போகும் நீராவியில் ஒரு அரை அங்குலக் குழாயைப் பிரித்து, தகட்டில் மூன்றடி அகலத்துக்கு ஒரு வட்டப் பெட்டி செய்து, உள்ளே தட்டுகளை அடுக்கி, மேலே ஒரு மூடியைச் சும்மா கவிழ்த்து வைத்தார்.

நான் பிளான்ட் குமாஸ்தா. பாய்லரைப் பார்க்கச் சர்க்கார் இன்ஸ்பெக்டர் வருவார். பாய்லரிலிருந்து நீராவி வாங்கும் மற்றக் கலங்களைப் பார்ப்பது இன்ஷூரன்ஸ் இன்ஸ்பெக்டர். அவர்களுடைய விதிகள் எனக்கு மனப்பாடம். மூடிய கலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சேஃப்டி வால்வு இருக்க வேண்டும். கலம் எவ்வளவு அழுத்தம் தாங்குமோ அதைத் தாண்டுவதற்கு முன்பே அது தானாகத் திறந்து ஆவியை வெளியே விட வேண்டும். கலத்துக்கும் வால்வுக்கும் நடுவே அடைக்கக்கூடிய திருகு எதுவும் இருக்கக் கூடாது. வெளியே வரும் ஆவி யார் மேலும் படக் கூடாது. இதெல்லாம் விதி. பிறகு விலக்குகள். நீராவி வரும் இடத்திலேயே கலம் தாங்கும் அளவுக்கு மேல் அழுத்தம் ஏற வழியில்லை என்றால் கலத்துக்குத் தனி வால்வு வேண்டாம். பல கலங்கள் நடுவில் அடைப்பில்லாமல் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வால்வு போதும். வாய் திறந்திருக்கும் பாத்திரமோ இந்தக் கணக்கிலேயே வராது.

டிராஃப்ட்ஸ்மன் கேட்டது அந்தக் கடைசி விலக்கை. விதியைப் படித்து வைத்தவன் நான். விலக்கைக் கேட்டு வாங்கியவர் அவர்.

இன்ஷூரன்ஸ் இன்ஸ்பெக்டர் பெட்டியைப் பார்க்க வந்த அன்று துரையும் கூட நின்றார். "இதற்கு மூடி இருக்கிறது. ஆகவே இது மூடிய கலம்தான். வால்வு வேண்டும்" என்று நான் இங்கிலீஷில் சொன்னேன்.

டிராஃப்ட்ஸ்மன் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "ஓய், உம்மாத்துல ரசப் பாத்திரத்துக்கும் மூடி இருக்கே. அதுக்கும் ஒரு சேஃப்டி வால்வு போட்டுடலாமா?"

காண்டீன் சமையல்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அத்தோடு விடாமல் டிராஃப்ட்ஸ்மன் அதைத் துரைக்கு இங்கிலீஷிலும் எடுத்துச் சொன்னார். துரை சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே விலக்கு எழுதிக் கொடுத்தார்.

அந்தச் செய்தி எனக்கு முன்னால் மாதுங்கா போய்ச் சேர்ந்துவிட்டது. சாயங்காலம் காபியைக் கொடுத்துக்கொண்டே என் மனைவி ஆரம்பித்தாள்.

"ஏன்னா, கீழாத்து மாமா ஸ்டீம்லயே இட்லி பண்றாராமே. பஞ்சாட்டமா இருக்கும்னு மாமி சொன்னா. நீங்க என்ன பண்றேள் அங்க?"

"அதுக்கு வால்வு வேணுமா வேண்டாமான்னு பார்க்கறேன்."

"வேணுமா?"

"வேண்டாம்னுட்டா."

"அப்போ உங்களுக்கு அங்க என்னதான் வேலை?"

மச்சினன் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். வேலையில்லாதவன் சிரிக்கிற சிரிப்பு அது.

இப்படித்தான் ஜூன் 14ஆம் தேதி வந்தது, இட்லியும் வெந்தது. நான் விடவில்லை. தினமும் காலையில் கலங்களைப் பார்த்துவிட்டுக் காண்டீன் பக்கமும் போய் வருவேன். பொறாமை என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். பொறாமைதான். பொறாமைப்படுகிறவன் பார்க்கிற அளவுக்கு வேறு யாரும் எதையும் உன்னிப்பாகப் பார்ப்பதில்லை.

சமையல்காரர் ஊரில் கல்யாணங்களுக்குச் சமைத்தவர். கல்யாணச் சமையலில் இட்லிக் கொப்பரையின் மூடியைச் சும்மா வைக்க மாட்டார்கள். விளிம்பைச் சுற்றி ஈரத்துணி, மேலே கனமாக ஒரு கல். ஆவி இழையாக வெளியே போனால்கூட அவர்களுக்குப் பொறுக்காது. இவரும் பத்தே நாளில் அந்த வழக்கத்தை ஆரம்பித்துவிட்டார். பெட்டி மூடியைச் சுற்றி ஈர வேட்டிக் கிழிசல், மேலே ஆட்டுக்கல் குழவி. "ஆவி வெளில போனா அடித்தட்டு கல்லாட்டமா நின்னுடும், சாமி" என்றார்.

எனக்கு அன்றைக்கு நல்ல பசி எடுத்தது. டிராஃப்ட்ஸ்மனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தேன். "பாரும். இப்போ இது வாய் திறந்த பாத்திரமா?"

அவர் அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துச் சுவரில் கணக்குப் போட்டார். "மூடியோட பரப்பு ஆயிரம் சதுர அங்குலம்னு வெச்சுக்கும். குழவி என்ன, அறுபது பவுண்டா? அப்போ மூடி கிளம்பறதுக்கு ஒரு பவுண்டு அழுத்தத்துல பதினாறுல ஒரு பங்கு போதும். நீர் பெருமூச்சு விடறேரே, அதுல இதைவிட ஜாஸ்தி அழுத்தம் இருக்கு, ஓய்."

"குழவியைத் தூக்கிட்டு நாளைக்குப் பாறாங்கல்லை வெச்சா?"

"வெக்கட்டுமே. யானையைக் கொண்டுவந்து நிறுத்தினாத்தான் நீர் சொல்றது நடக்கும்."

வீட்டுக்கு வந்து இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். அவர் கணக்கு சரி. அந்தக் கரிக்கணக்கு வெகுநாள் சுவரிலேயே இருந்தது. இட்லிக்கு வரிசையில் நிற்கிறவர்கள் அதைக் காட்டிச் சிரிப்பார்கள்.

ஜூலையில் ஆலைக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. இரண்டு ஷிப்டு ஓடியது. இட்லியும் இரட்டிப்பாக வேண்டியிருந்தது. சீக்கிரம் வேகட்டும் என்று சமையல்காரர் நீராவித் திருகை நன்றாகத் திறந்துவிட்டார். மூடி குழவியோடு தடதடவென்று ஆடியது. குழவி இரண்டு முறை உருண்டு விழுந்தது. ஒரு முறை அவர் கால் கட்டைவிரல் பக்கத்தில்.

ஒரு சனிக்கிழமை காலை, நல்ல மழை. காண்டீனுக்குள் நுழைந்ததும் ஏதோ குறைவது போல இருந்தது. பிறகுதான் புரிந்தது: சத்தம் இல்லை. ஆவியும் இல்லை. மூடியில் குழவி இல்லை. பெட்டியைச் சுற்றி ஆறு கிளாம்ப்; துணிக் கலங்களின் மூடியை இறுக்குவதற்கு வைத்திருக்கிறோமே, அதே மாதிரி. மூடிக்கு அடியில், ஆவி கசியாமல் இருக்கக் கலங்களுக்குப் போடும் கயிற்றுப் பாக்கிங். அடியில் தண்ணீர் வடிவதற்கு ஒரு குழாய் எப்போதும் திறந்திருக்கும். காலில் வெந்நீர் தெறிக்கிறதென்று அதிலும் ஒரு மரக்கட்டையைச் செருகியிருந்தார்கள். எங்கும் ஒரு பொட்டு ஆவி வெளியே வரவில்லை. நீராவித் திருகு முழுக்கத் திறந்திருந்தது.

விட்டால் சதுர அங்குலத்துக்கு முப்பது பவுண்டு வரை ஏறும். ஆயிரம் சதுர அங்குலம். மூடியின் மேல் முப்பதாயிரம் பவுண்டு, பதின்மூன்று டன்னுக்கு மேல். சாதாரணத் தகடு. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சமையல்காரர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். வெளியே நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஓடிப்போய்த் திருகை அடைத்தேன்.

"ஐயோ சாமி! பாதி வேக்காடு! ஒரு ஈடு முழுக்கப் போச்சு!"

"யாரு இந்தக் கிளாம்பைப் போட்டது?"

வரிசையில் முதல் ஆளாக நின்ற ஃபிட்டர்தான் பதில் சொன்னான். தாராவியில் குடியிருப்பவன், கை சுத்தமான வேலைக்காரன். "நாந்தான் சாமி. சமையக்கார அய்யரு, கால்ல கல்லு விழுந்திரும்னு சொன்னாவ. நேத்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்துலதான் அடிச்சுக் குடுத்தேன், கம்பெனி நேரத்துல இல்ல. பெரிய கலத்துக்கு என்ன பாக்கிங்கோ அதேதான் போட்டிருக்கேன். ஒரு சொட்டு ஒழுவாது, பாருங்க."

"அதாண்டா பயமா இருக்கு."

"ஒழுவினாத்தான பயப்படணும்? என்ன சாமி, தலகீழா சொல்லுதிய!"

அவன் பெருமையோடு சொன்னான். அவன் வேலையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வரிசையிலிருந்து இன்னொருவன் கத்தினான்: "குமாஸ்தா சாமிக்கு இட்லி புடிக்கலன்னா நம்ம வயித்துல ஏன் அடிக்காரு?"

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பயமும் இருந்தது; சந்தோஷம் அதைவிடக் கூடுதலாக இருந்தது. டிராஃப்ட்ஸ்மன் அன்று காலை கம்பெனி வேலையாக அம்பர்நாத் போயிருந்தார். நேராகத் துரையிடம் போனேன். அவர் மழையில் நனைந்தபடி வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "நீ சொன்னது சரி. வால்வு போடு" என்றார். ஸ்டோரில் கேட்டால் அந்த அளவில் வால்வு இல்லை. சீமையிலிருந்து வர ஆறு மாதம் ஆகும் என்றார்கள். "திங்கட்கிழமை காலைக்குள் நானே தேடிக் கொண்டுவருகிறேன்" என்றேன். துரை என் தோளில் தட்டினார். அந்த ஆலையில் அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தட்டு. திருகைச் சங்கிலியால் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அரை நாள் வேலை முடிந்து மழையில் வீட்டுக்கு நடந்தேன். செம்பூர் வீட்டில் எந்த அறையில் மச்சினனைப் படுக்கவைப்பது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வடாலாவில் ரயிலேறி ரே ரோடில் இறங்கினேன். அங்கே தாருகானாவில் உடைத்த கப்பல்களின் சாமான் மலைபோலக் குவிந்து கிடக்கும். பங்கார்க்காரர்கள், அதாவது பழைய இரும்பு வியாபாரிகள், வெள்ளிக்கிழமை கடையை மூடி ஞாயிற்றுக்கிழமை திறந்து வைப்பார்கள். ஏழு கடை ஏறி இறங்கிய பிறகு ஒரு பித்தளை வால்வு அகப்பட்டது. கடைக்காரக் கிழவர் அதை முழங்கையால் துடைத்து, "ஜஹாஜ் கா மால் ஹை, பாபு" என்றார். கப்பல் சாமான் என்றால் கேட்கவா வேண்டும், அதற்கென்று ஒரு விலை. பேரம் பேசியதில் பாதிக்கு இறங்குவார் என்று நினைத்தேன். இறங்கவில்லை. பக்கத்துப் பட்டறையில் ஸ்பிரிங்கை மாற்றி, கைப்பம்பு வைத்து, இரண்டு பவுண்டில் திறக்கும்படி முடுக்கி வாங்கினேன். மூன்று முறை அழுத்திப் பார்த்தார்கள். மூன்று முறையும் கேஜ் முள் இரண்டைத் தொட்டதும் 'டப்' என்று திறந்தது. வரும் வழியில் காற்றில் குடை மடங்கி இரண்டு கம்பி போயிற்று. வால்வு நனையவில்லை.

திங்கட்கிழமை காலை வால்வைப் பேப்பரில் சுற்றிக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு காண்டீனுக்குப் போனேன். துரையும் டிராஃப்ட்ஸ்மனும் பெட்டியருகே நின்றிருந்தார்கள். ஆறு கிளாம்பும் அறுபட்டுத் தரையில் கிடந்தன. பெட்டியின் விளிம்பில் சுற்றிலும் எட்டு இடத்தில், மூன்று விரல் அகலத்துக்குப் பிறைபோல வெட்டியிருந்தது. வடிகுழாய் இருந்த இடத்தில் நீளமாக ஒரு பிளவு, எந்தக் கட்டையும் நிற்காதபடி. சனிக்கிழமை பிற்பகல் அம்பர்நாத்திலிருந்து திரும்பிய டிராஃப்ட்ஸ்மன் விஷயத்தைக் கேட்டு, அதே ஃபிட்டரை நிறுத்திவைத்து இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டாராம்.

"இனிமே குழவி வெக்கட்டும், கிளாம்ப் போடட்டும், மேல ஏறி உக்காரட்டும். எட்டு வாயும் திறந்துதான் இருக்கும்" என்றார். இன்ஸ்பெக்டருக்குத் துரையே போன் செய்து கேட்டுவிட்டார்: அடைக்க முடியாத திறப்பு உள்ள பாத்திரம், விலக்கு செல்லும், வால்வு தேவையில்லை.

"துணியை வெச்சு அடைப்பான்" என்றேன்.

"அடைக்கட்டும், ஓய். ஊதித் தள்ளிடும்."

"வால்வும் இருந்துட்டுப் போகட்டுமே. ரெண்டு காவல் இருந்தா என்ன குறைஞ்சு போச்சு?"

"எட்டு ஓட்டை இருக்கற பானைக்கு வால்வா? அது எப்ப ஓய் திறக்கும்? அதுபாட்டுக்குத் தூங்கிண்டிருக்கும்." பிறகு துரையிடம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி இங்கிலீஷில் சொன்னார்: "இவர் பார்த்திராவிட்டால் இன்றைக்கு நாம் சவம் எண்ணிக்கொண்டிருப்போம். பெருமை இவருக்குத்தான்."

அந்த ஒரு வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். தன் பெட்டியில் நேர்ந்த பிசகை மறைத்திருந்தால் நான் பேசியிருப்பேன். என் பெயரை விட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இரண்டுக்கும் வழி வைக்கவில்லை. துரை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு டிராஃப்ட்ஸ்மன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் பக்கம் நடந்தார். தட்டுவது வேறு, போட்டுக்கொண்டு நடப்பது வேறு. நான் சங்கிலியைக் கழற்றினேன். இட்லி வெந்தது. ஆவி கொஞ்சம் கூடுதலாகச் செலவாயிற்று. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சமையல்காரர் இரண்டொரு வாயில் துணி வைத்துப் பார்த்தார். ஊதித் தள்ளிவிட்டது.

இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை: கண்டது நான், அடைத்தது நான், மழையில் அலைந்தது நான். அவர் செய்தது எட்டு வெட்டு. ஆனால் நான் வால்வை வாங்கிவரப் போனேன். வால்வே வேண்டாதபடி செய்ய வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது. உதவி இன்ஜினியர் யாரென்று துரை முடிவு செய்தது அந்தத் திங்கட்கிழமை காலையில்தான் என்று பின்னால் அவருடைய டைப்பிஸ்ட் என்னிடம் சொன்னார்.

வால்வுக்குப் பணம் கேட்டு ஸ்டோருக்குப் போனேன். முன்கூட்டி எழுதிக் கேட்ட இன்டென்ட் இல்லை, கொட்டேஷன் இல்லை, பங்கார்க்காரன் ரசீதும் இல்லை. கொடுக்க வழியில்லை என்றார்கள். எனக்காக ஒரு விலக்கு கேளுங்கள் என்று டிராஃப்ட்ஸ்மனிடம் போயிருந்தால் ஒரு நிமிஷத்தில் வாங்கித் தந்திருப்பார். போகவில்லை.

தீபாவளிக்கு முன்னால் அவர் செம்பூருக்குக் குடிபோனார். பால் காய்ச்சுவதற்கு எங்களையும் அழைத்திருந்தார். சமையலறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் கயிறு போல விழுந்தது. பின்னாலேயே என் மனைவி வந்து நின்றாள்.

"என்ன வேகம் பாருங்கோ" என்றாள். சற்றுப் பொறுத்து, "மூடுங்கோ, யாரானும் வந்துடப் போறா" என்றாள்.

வால்வு பதினான்கு ரூபாய். ஸ்பிரிங் மாற்றி முடுக்கிய கூலி மூன்று ரூபாய் எட்டணா. ரயிலுக்கு ஆறணா, குடைக்கம்பிக்குப் பன்னிரண்டணா. பால் காய்ச்சப் போனபோது கொடுத்த வெள்ளி முலாம் பூசிய குங்குமச் சிமிழ் இரண்டு ரூபாய் நாலணா. அதை மனைவிதான் எடுத்தாள், கடையில் இதைவிட மலிவானதும் இருந்தது. சம்பள வித்தியாசத்தை நான் இதில் சேர்க்கவில்லை. அது வந்திருக்க வேண்டியதே தவிரக் கையிலிருந்து போனதல்ல. மூன்று வருஷம் கட்டிலுக்கடியில் கிடந்த வால்வைப் பாத்திரக்காரனிடம் பித்தளை எடைக்குப் போட்டதில் ஐந்து ரூபாய் ஆறணா வந்தது. அது போக எனக்கு நின்ற நஷ்டம் பதினைந்து ரூபாய் எட்டணா.